துடுப்பைத் தொடும் முன் உடம்பைக் கேளுங்கள்!

விடுமுறை வந்தால் ஊட்டியா, கொடைக்கானலா என்று வீட்டில் பட்டிமன்றம் நடந்த காலம் மலையேறிவிட்டது. "அந்தமான் போலாமா?" என்பதுதான் இப்போதைய பேச்சு. சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம். பிள்ளைகள் செல்போனில் படத்தை வேறு காட்டிவிடுகிறார்கள். பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். அதன்மேல் வாழை மட்டை மிதப்பதுபோல ஒரு ஒல்லிப் படகு. அதில் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் துடுப்பு போடுகிறார் ஒருவர். "அப்பா, நாமளும் இதுல போகணும்!"

அந்தப் படகுக்குப் பெயர் கயாக். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கைடு ஒருவர் துணையோடு கரையோரமாகவே அரை நாளோ ஒரு நாளோ கூட்டிப்போய் வருகிறார்கள். ஒரு குடும்பமே சேர்ந்து செய்யக்கூடிய அருமையான பொழுதுபோக்கு. என்ஜின் சத்தம் இல்லை, புகை இல்லை. உங்கள் கைதான் என்ஜின்!

ஆனால் வீட்டில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தயக்கம் வரும். என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இதுதான்: "டாக்டர், எனக்கு 52 வயசு. சுகர் இருக்கு, கொஞ்சம் பிரஷரும் இருக்கு. பசங்க கூப்பிடறாங்க. நான் ஏறலாமா?"

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், "தாராளமாக ஏறலாம்". ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை உங்களை அழைத்துப் போகும் கைடிடம் மறைக்கக் கூடாது. நிலத்தில் மறைத்தால் சமாளித்துக்கொள்ளலாம். கடலில் மறைத்தால் சமாளிக்க இடமில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அது என்ன படகு?

வடதுருவப் பக்கம் பனிக்கடலில் சீல் வேட்டையாடிய இன்யூட் மக்கள் கண்டுபிடித்த படகு கயாக். எலும்பிலும் கடலில் ஒதுங்கிய மரத்திலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்தார்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேடமரான்' ஆன மாதிரி, அவர்கள் படகும் பெயரோடு உலகம் சுற்றிவிட்டது. இன்று சுற்றுலாவுக்குத் தருவது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக் படகு. ஒருவர் போவது, இருவர் போவது என்று இரண்டு வகை உண்டு. துடுப்பின் இரண்டு முனையிலும் அலகு இருக்கும்.

ஹேவ்லாக் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். தலைநகர் போர்ட் பிளேருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பழைய பெயர்தான் எல்லார் வாயிலும் வருகிறது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் சுமார் 40 கிலோமீட்டர். வேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் குடியேறிய தீவு அது. தமிழ் பேசுகிறவர்களும் அந்தமானில் நிறைய இருக்கிறார்கள். பாஷைக்குப் பயப்பட வேண்டாம்.

யார் ஏறலாம்?

நிதானமாகக் கயாக் ஓட்டுவது, வேகமாக நடப்பதற்குச் சமமான உழைப்பு. அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 40 நிமிடம் சுறுசுறுப்பாக நடக்க முடிகிறதா? இரண்டு மாடி நிற்காமல் ஏறினால் நெஞ்சு பிடிக்காமல், பேச்சு திணறாமல் இருக்கிறதா? இரண்டு கையையும் காதோடு ஒட்டி மேலே தூக்க முடிகிறதா? தரையில் கால் நீட்டி கால் மணி நேரம் உட்கார முடிகிறதா? நான்குக்கும் 'ஆமாம்' என்றால் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தோள்மூட்டு ஒருமுறையாவது நழுவியவர்கள் இந்த ஆசையைத் தள்ளி வையுங்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இடுப்பு டிஸ்க் விலகியவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வரும். கை பின்னால் போகவில்லை, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை என்று சொல்கிற அம்மாக்கள் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

நிமிடத்துக்கு 30 முறை துடுப்பு போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 1,800 முறை. மாவு மிக்ஸியில், துணி மெஷினில் என்று பழகிவிட்ட தோளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். நம் பாட்டிமார்கள் தூணில் மத்தைக் கட்டி, கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்துத் தயிர் கடைந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கை இழுக்க, மறு கை விட்டுக்கொடுக்க, இடுப்புக்கு மேல் உடம்பு லேசாகத் திரும்பும். கயாக் துடுப்பின் அசைவும் கிட்டத்தட்ட அதேதான்.

பயிற்சி எளிது. தரையில் கால் நீட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி உட்காருங்கள். துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் தோள் அகலத்துக்குப் பிடித்து, இடம் வலமாக உடம்போடு திரும்புங்கள். பக்கத்துக்கு 20 முறை. பிறகு சுவரில் கை ஊன்றி தண்டால் 10. ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி முறுக்குவது 10. இத்துடன் தினமும் 40 நிமிட நடை. மூன்று வாரம் செய்தால் தோள், முதுகு, மணிக்கட்டு மூன்றும் தயாராகிவிடும். இதற்காகத் தனியாக லேகியம் எதுவும் வேண்டாம்!

முதல் நாள் இரவும், மறுநாள் காலையும்

ஊருக்குப் போன உற்சாகத்தில் முதல் நாள் ராத்திரி வறுத்த மீனும் பரோட்டாவுமாக ஒரு கட்டு கட்டாதீர்கள். மது பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்காவது விலகியிருங்கள். எட்டு மணிக்குள் எளிய சாப்பாடு, நல்ல தூக்கம், அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே அந்தக் குளியலை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். "சாப்பிட்டா வாந்தி வருமே" என்பார்கள் சிலர். வெறும் வயிற்றிலும் குமட்டல் வரும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் போதும்.

குமட்டல் உண்மையில் கயாக்கைவிடக் கப்பலில்தான் அதிகம். கப்பலில் செல்போனைப் பார்க்காதீர்கள். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். தோல் நீக்கிய சுக்குத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். இஞ்சியும் சுக்கும் குமட்டலைத் தணிக்கும். நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றும் கை கொடுக்கும். பிரஷர் உள்ளவர்கள் மட்டும் அதன் உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் பொய் வேண்டாம்

படகில் ஏற்றும் முன் ஒரு தாளைக் கொடுப்பார்கள். 'உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?' என்று கேட்டிருக்கும். பத்தில் எட்டுப் பேர் படிக்காமலே 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டுக் கையெழுத்து போடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் நானும் என் மனைவியும், மகள் மாப்பிள்ளையோடு ஹேவ்லாக் போயிருந்தோம். எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள். அதில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தன் மனைவியோடு இருவர் படகில் வந்தார். நல்ல உடற்கட்டு. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் தனித்தனிப் படகில். முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் முன்னால் போனவர் அவர்தான்.

திடீரென்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. "என்னங்க, போடுங்க... ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, பின்னாலிருந்து வந்த வேகம் நின்றது உடனே தெரிந்துவிட்டது. கைடு நாலு வலிப்பில் அவர்களை எட்டி, படகோடு படகைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளூர்ப் பையன்; 25 வயதுகூட இருக்காது. நானும் பக்கத்தில் போனேன். அந்த மனிதருக்குச் சட்டை நனைய வியர்வை. விரல் நடுக்கம். என்ன கேட்டாலும் பதில் கோர்வையாக வரவில்லை.

"காலையில சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"வாந்தி வருமேன்னு சாப்பிடல சார். மாத்திரை மட்டும் போட்டேன்."

"எதுக்கு மாத்திரை?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாதான் சொன்னார், "சுகருக்கு."

விஷயம் விளங்கிவிட்டது. மாத்திரை சர்க்கரையைக் குறைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இல்லை. ஒரு மணி நேர உழைப்பு மிச்சமிருந்ததையும் எரித்துவிட்டது. தாழ்சர்க்கரை! கைடின் தண்ணீர் புகாத பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகும் கைடு அவரைத் துடுப்பைத் தொடவிடவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, எல்லாப் படகையும் கரைக்குத் திருப்பிவிட்டார். "அவருக்குத்தான் சரியாயிடுச்சே, கட்டின காசு என்னாவது?" என்று ஒரு இளைஞர் முணுமுணுத்தார். கைடு காதில் வாங்கவே இல்லை. அந்தப் பையன் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

படிவத்தில் அவர் 'நோய் எதுவும் இல்லை' என்றுதான் எழுதியிருந்தார். கரையில் அந்த அம்மா என் மனைவியிடம் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: "சுகர்னு எழுதினா ஏத்த மாட்டாங்கன்னு ஒரு பயம். அதைவிட, பசங்க முன்னாடி நோயாளின்னு காட்டிக்க அவருக்குப் பிடிக்காதுங்க."

இந்தக் கூச்சம் நம் வீட்டு ஆண்களில் பலருக்கு உண்டு. பெண்களுக்கும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். 'சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் கைடு என்ன செய்திருப்பார்? "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார். தன் கண் படும் இடத்தில் படகை வைத்திருப்பார். பிள்ளைகள் முன்னால் கயிறு கட்டி இழுத்து வரும்படி ஆகியிருக்காது.

சர்க்கரை உள்ளவர்கள் மனதில் பதிக்க வேண்டியது: மாத்திரையோ இன்சுலினோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வெறும் வயிற்றில் எடுக்கவும் வேண்டாம். உழைப்பு அதிகமுள்ள அன்றைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் சர்க்கரை இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கடல் தாண்டித்தான் போக வேண்டும். கடலில் மறைக்க இடமில்லை என்று நான் சொன்னது இதனால்தான்.

ஏமாற்றும் கடிகாரம்

அந்தமானிலும் நம் இந்திய நேரம்தான். ஆனால் தீவு வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிறது. ஜனவரியில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் பன்னிரண்டே காலுக்கு என்றால், அங்கே பதினொன்றரைக்கே வந்துவிடும். மாலை ஐந்தே காலுக்கு அஸ்தமனம். அதாவது அங்கே காலை பத்து மணி வெயில், நம் ஊர் பத்தே முக்கால், பதினொரு மணி வெயில்! "மணி ஒன்பதுதானே ஆகுது" என்று கடிகாரத்தை நம்பிப் புறப்பட்டால் வெயில் உங்களை வறுத்துவிடும்.

அதனால் ஐந்தரை, ஆறு மணிக்கே கிளம்பச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். காலையில் குளம் மாதிரி கிடந்த தண்ணீர் பகலில் அலை அடிக்கும். எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர், அமைதியான கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கைச் சட்டை, கயிறு வைத்த தொப்பி, கயிறு கட்டிய கண்ணாடி அவசியம். மூக்கு, காதுமடல், பின்கழுத்துக்கு வெயில் தடுப்புக் களிம்பு. எல்லோரும் மறக்கிற இடம் பாதத்தின் மேல்புறமும் தொடையும்! கால் நீட்டி உட்காருவதால் மணிக்கணக்காக வெயில் அங்கேதான் விழும். பெண்களுக்குப் புடவையும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம், காலில் சுற்றும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போடுங்கள். மோதிரங்களை அறையிலேயே கழற்றி வையுங்கள். விரல் வீங்கினால் அப்புறம் கழற்றுவது பாடு.

தண்ணீர் குடிக்காத அம்மாக்கள்

சுற்றுலா என்றாலே நம் வீட்டுப் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். "நடுவுல பாத்ரூம் எங்க போறது?" என்ற ஒரே பயம். பஸ் பயணத்துக்கே இப்படி என்றால் படகுக்குக் கேட்க வேண்டுமா?

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சொல்லியிருக்கிறார்கள். சிறுநீர் அதில் ஒன்று; தாகம் இன்னொன்று. தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் இரண்டையும் சேர்த்து அடக்குகிறாள். விளைவு? நீர்க்கடுப்பு, நீர்த்தாரையில் தொற்று, கல் உள்ளவர்களுக்கு வலி. கொளுத்தும் வெயிலில் உழைக்கும்போது தலைசுற்றலும் மயக்கமும்.

வழி இருக்கிறது. புறப்படும் முன்பே கைடிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "நடுவில் எந்தக் கரையில் நிறுத்துவீர்கள்? மறைவிடம் உண்டா?" நல்ல கைடு இதற்கென்றே இடம் பார்த்து வைத்திருப்பார். குழுவில் ஒரு பெண் கேட்டுவிட்டால் மற்ற பெண்கள் அத்தனை பேரும் நன்றி சொல்வார்கள். ஆண்களே, உங்கள் மனைவிக்காக நீங்களே கேட்டாலும் தப்பில்லை.

மணிக்கு சுமார் அரை லிட்டர் தண்ணீர், வாய் வாயாகக் குடியுங்கள். சிறுநீரக, இருதயக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு எப்படி எடுப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் வியர்த்தால் கொடுக்க ஒரு லிட்டர் நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு பாட்டில் வைத்திருங்கள். டீஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

போதுமா, போதாதா என்று எப்படித் தெரியும்? நீர்க்குறி பார்ப்பது நம் வைத்தியத்தின் அடிப்படை. நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் உடம்பு வறள்கிறது என்று பொருள்.

துடுப்பு எப்படிப் போடுவது?

இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிமுட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் உள்ளங்கை கொப்பளிக்காது. கையால் மட்டும் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி வலியுங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், பாதம் மிதியில் அழுந்தட்டும். இடப்பக்கம் போட்டால் படகு வலப்பக்கம் திரும்பும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இருவர் படகில் முன்னால் இருப்பவர் தாளம் போடுவார். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்தே போட வேண்டும்; திசை திருப்பும் வேலையும் அவருக்கே. கொஞ்சம் பலசாலி பின்னால் உட்காருவது வழக்கம். ஆக, மனைவி போடும் தாளத்துக்கு அன்று முழுதும் கணவர் ஆட வேண்டும்! தாளம் தப்பினால் துடுப்போடு துடுப்பு மோதும், வாயும் மோதும். சண்டை வந்தால் இரண்டு பேரும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

மரத்தைத் தொடாதீர்கள்

இந்தப் பயணத்தின் அழகே சதுப்புநிலக் காட்டுக்குள் நுழையும் ஓடைகள்தான். பிச்சாவரம் போனவர்களுக்கு வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் காட்சி புதிதல்ல. அங்கே ஒரு எச்சரிக்கை. தில்லை மரம் தெரியுமல்லவா? சிதம்பரத்தின் தல விருட்சம். அந்தமான் சதுப்பிலும் அது வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே மங்கிப்போகும். பிள்ளைகள் கிளையை ஒடிக்க, இலையைக் கிள்ள விடாதீர்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

உப்புநீர் முதலைகளும் அந்தமானில் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் கடலில் நீந்திய வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. ஓடையில் கையைத் தொங்கவிடாதீர்கள், குளிக்க இறங்காதீர்கள், கைடு 'இந்தப் பக்கம் இன்றைக்கு வேண்டாம்' என்றால் வாதாடாதீர்கள் என்பதற்காகத்தான்.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். நீர் வற்றும் நேரத்தில் ஓடைக்குள் மாட்டினால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். அதனால் நேற்று வந்தவர்களுக்குச் சொன்ன நேரத்தை இன்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கவிழ்ந்தால்?

நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் அது அளவாக, எல்லா வாரும் பூட்டியிருக்க வேண்டும். தோள் வாரைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் தளர்ச்சி என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுடையதைக் கயிறு கட்டிச் சமாளிக்கக் கூடாது.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கரை பக்கம்தானே என்று நீந்தப் போகாதீர்கள். படகைப் பிடித்தபடி மிதந்தால் கைடு வந்து ஏற்றுவார். புறப்படும் முன் இடுப்பளவு தண்ணீரில் ஒரு முறை வேண்டுமென்றே விழுந்து ஏறிப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே கரைந்துவிடும்.

பவளப்பாறை கீறினால் சிறிய காயம்தானே என்று விடாதீர்கள். சீக்கிரம் சீழ் பிடிக்கும். சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். கடல் சொறி பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீராலேயே அலசிக் கரைக்கு வாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். மறுநாள் தோளும் முதுகும் வலிப்பது இயற்கை. உளுந்து தைலம் இளஞ்சூட்டில் தேய்த்து ஒற்றடம் கொடுத்தால் இரண்டு நாளில் போய்விடும். வெயிலில் கன்றிய தோல்மேல் மட்டும் தைலம் கூடாது. அங்கே கழுவிய சோற்றுக்கற்றாழைச் சோறு போதும். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போங்கள். வலி குறையாமல் கூடிக்கொண்டே போய், சிறுநீர் காபி நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊர் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'அந்தமான் போய் வந்தேன்' என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலேரியா, எலிக்காய்ச்சல் இரண்டையும் அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் முன் கைடிடம் கேளுங்கள்

1. ஒரு கைடுக்கு எத்தனை படகு?
2. மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எங்கெங்கே ஓய்வு?
3. முதலுதவிப் பை, குளுக்கோஸ், இழுக்கும் கயிறு உண்டா?
4. கரைக்குத் தகவல் சொல்ல என்ன வழி?
5. நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு, "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்று சிரிப்பவரிடம் போகாதீர்கள். "திரும்பிவிடுவோம்" என்று சொல்பவரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் பெயர், வயது, நோய், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, வீட்டு டாக்டரின் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கைடிடம் கொடுங்கள். இன்னொன்றை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்த பிள்ளை, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடுப்பைக் கையில் கொடுப்பான்.

சந்தோஷமாகப் போய் வாருங்கள்!